புதுப்பிப்பு: பள்ளிக் குழாய்க்கு ரோட்டரி நிதி கிடைத்துவிட்டது

போன வருஷம் மாசியில் இங்கே கேட்டிருந்தேன், எங்கள் ஊர் அரசுத் தொடக்கப் பள்ளியில் கைகழுவும் குழாய் வரிசை கட்ட ரோட்டரி சேவை அமைப்பின் குளோபல் கிராண்ட் (பெரிய திட்டங்களுக்கான பன்னாட்டு நிதியுதவி) வாங்க முடியுமா என்று. பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. பணம் வந்தது, போன வாரம் குழாயில் தண்ணீரும் வந்துவிட்டது.

"குளோபலை மறந்துவிட்டு மாவட்ட நிதி கேளுங்கள்" என்றவர் சொன்னதுதான் பலித்தது. இங்கே மாவட்டம் என்பது அரசு மாவட்டம் அல்ல, பல ரோட்டரி சங்கங்கள் சேர்ந்த ரோட்டரி மாவட்டம்; அது சிறிய திட்டங்களுக்குத் தரும் நிதி இது. குளோபலுக்குத் திட்டச் செலவே குறைந்தது 30,000 டாலர் இருக்க வேண்டும், வெளிநாட்டுச் சங்கம் ஒன்றும் கூட்டுச் சேர வேண்டும். நமக்குத் தேவையோ எட்டுக் குழாய், ஒரு தொட்டி, கொஞ்சம் டைல்ஸ். அப்புறம், தனியாளோ ஊர் மன்றமோ நேரடியாக விண்ணப்பிக்க முடியாது, ரோட்டரி சங்கம்தான் விண்ணப்பிக்கும். அதனால் பக்கத்து டவுன் சங்கத்தின் கூட்டத்துக்கே போய், தலைமையாசிரியர் கடிதம், மூன்று கடைக் கொட்டேஷன், இருக்கிற ஒற்றைக் குழாய் முன்னால் பிள்ளைகள் சாப்பாட்டுத் தட்டோடு வரிசையில் நிற்கும் போட்டோ எல்லாம் கொடுத்தேன். காரியத்தை முடித்தது அந்தப் போட்டோதான்.

எதிர்பாராதது: ஒப்புதலுக்கு முன் செய்த செலவைத் திருப்பித் தர மாட்டார்கள். ஆர்வக்கோளாறில் கொத்தனாருக்குக் கொடுத்த முன்பணம் நாலாயிரம் என் கைக்காசாகப் போனது. இன்னொன்று, ரோட்டரி ஆண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது, சங்கத் தலைவரும் அப்போதே மாறுவார். ஆகவே மார்ச், ஏப்ரலிலேயே அடுத்து வரப்போகிறவரையும் பார்த்துப் பேசிவிடுங்கள். பில்லெல்லாம் தேதியோடு வாங்கி வையுங்கள், இறுதி அறிக்கைக்குக் கேட்டார்கள்.