விளம்பர இடைவேளையில் அம்மாவை எழுந்து நடக்கவைக்க வழி உண்டா?

வைகைக்கரை (மதுரை):

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு 67 வயதாகிறது. பதினோரு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மருந்து எடுத்துவருகிறார். பகலெல்லாம் ஓயாமல் வேலை பார்ப்பவர், மாலையில் விளக்கேற்றிவிட்டு ஆறரை மணிக்குத் தொலைக்காட்சி முன் அமர்ந்தாரென்றால் ஒன்பதரை வரை நாற்காலியை விட்டு எழுவதில்லை. அந்த நேரத்துக்குள் அரைமணித் தொடர்கள் ஆறு வந்துபோகின்றன. இத்தனை நேரம் ஒரே இடத்தில் உட்காரக் கூடாது என்று மருத்துவர் சென்ற மாதம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

தொடர்களை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்பா இறந்த பிறகு, நான் வேலையிலிருந்து திரும்பும் வரை அந்த வீட்டில் கேட்கும் குரல்கள் அவை மட்டும்தான். ஆகவே விளம்பர இடைவேளைகளையாவது பயன்படுத்திக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். இப்போது அந்த இடைவேளைகளில் அவர் ரிமோட்டை எடுத்து வேறு சேனலில் ஓடும் தொடரைப் பார்க்கிறார், அல்லது கைப்பேசியில் தங்கை அனுப்பிய பேரக்குழந்தையின் படங்களைப் பார்க்கிறார். இரண்டுக்கும் எழுந்திருக்க வேண்டிய தேவை இல்லை. உங்கள் வீடுகளில் அந்த மூன்று நான்கு நிமிடங்கள் எப்படிக் கழிகின்றன? வயதானவர்களுக்குப் பொருந்தக்கூடியது எது?

பணி ஓய்வு பெற்ற செவிலியர் (திருச்சி):

உங்கள் மருத்துவர் சொன்னதற்கு வலுவான காரணம் இருக்கிறது, தம்பி. உணவிலிருந்து இரத்தத்தில் சேரும் சர்க்கரையில் பெரும்பங்கை எடுத்துக்கொள்பவை தசைகள். அவற்றுள்ளும் தொடைத் தசைகளும் கெண்டைக்கால் தசைகளும் பெரியவை. நாம் உட்கார்ந்திருக்கும் வரை அவை வேலையின்றிக் கிடக்கின்றன. எழுந்து நடக்கத் தொடங்கினால், இன்சுலின் சரிவர வேலை செய்யாத உடம்பிலும், இயங்கும் தசை தனக்கு வேண்டிய சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். அதனால்தான் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2016இல் வெளியிட்ட பரிந்துரையில், தொடர்ந்து உட்காருபவர்கள் 30 நிமிடங்களுக்கு ஒரு முறையாவது எழுந்து சற்று நடமாட வேண்டும் என்று கூறியது. உடலுழைப்பு ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது நீடித்தால்தான் பயன் என்றிருந்த பழைய நிபந்தனையை உலக சுகாதார நிறுவனமும் 2020இல் கைவிட்டுவிட்டது. மூன்று நிமிட நடையை வீண் என்று யாரும் இனி ஒதுக்க வேண்டியதில்லை.

கணக்கும் உங்கள் பக்கமே இருக்கிறது. நம் நாட்டின் 1994ஆம் ஆண்டுக் கேபிள் தொலைக்காட்சி விதிகள், ஒரு மணி நேரத்தில் 12 நிமிடங்களுக்கு மேல் விளம்பரம் கூடாது என்கின்றன. வணிக விளம்பரத்துக்குப் பத்து, சேனலின் சொந்த அறிவிப்புகளுக்கு இரண்டு. அந்த வரம்புக்குள்ளேயே ஒளிபரப்பாவதாக வைத்துக்கொண்டாலும், மூன்று மணி நேரத்துக்கு 36 நிமிடங்கள், திங்கள் முதல் சனி வரை 216 நிமிடங்கள் கிடைக்கின்றன. வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பு என்பது உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் குறைந்த அளவு. கூடத்துக்குள் மெல்ல நடப்பதை மிதமான உழைப்பில் சேர்க்க முடியாது என்பதால், காலை நடையை விட்டுவிடலாம் என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். உட்கார்ந்தே இருக்கும் நேரத்தை உடைப்பதே இங்கு நோக்கம்.

எழுவதில் கவனம் வேண்டும். விளம்பரம் வந்தவுடன் சட்டென்று எழுந்தால் இந்த வயதில் தலை சுற்றலாம். குறிப்பாக இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கு. முதல் விளம்பரம் ஓடும்போது உட்கார்ந்தபடியே பாதங்களைப் பத்து முறை மேலும் கீழும் அசைக்கட்டும். பிறகு கைப்பிடியை ஊன்றி எழட்டும். நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது, நின்ற இடத்திலேயே அடியெடுத்து வைப்பது ஆகிய இரண்டும் போதும். டென்னசி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் ஒரு மணி நேர நிகழ்ச்சியின் விளம்பரங்களின்போது மட்டும் சிலரை இப்படி நின்ற இடத்திலேயே நடக்கவைத்தபோது, சராசரியாக 2,100 அடிகளுக்கு மேல் சேர்ந்தன. அமெரிக்காவில் விளம்பர நேரம் நம்முடையதைவிட நீளம் என்பதால் அந்த எண்ணிக்கையை உங்கள் அம்மாவிடம் எதிர்பார்க்க வேண்டாம். பதினோரு ஆண்டுச் சர்க்கரை என்றால் பாதத்தின் உணர்வு குறைந்திருக்கக்கூடும். வீட்டுக்குள்ளும் செருப்பு அணிந்தே நடக்கட்டும்.

அடுப்பங்கரை (கும்பகோணம்):

செவிலியர் அம்மா சொன்னவை அத்தனையும் உண்மை. ஆனால் குதிகாலை உயர்த்தச் சொன்னால் என் மாமியார் இரண்டு நாள் செய்துவிட்டு மூன்றாம் நாள் மறந்துவிடுவார். வேலை என்றால் மறக்க மாட்டார். ஆகவே எங்கள் வீட்டில் ஒவ்வொரு இடைவேளைக்கும் ஒரு சிறு வேலையை ஒதுக்கியிருக்கிறோம்: முதல் தொடரின் இடைவேளைகளில் மாடியில் உலர்ந்த துணிகளைக் கொண்டுவந்து மடிப்பது (மாடி ஏறுவது நான், மடித்து அலமாரிக்கு நடப்பது அவர்), அடுத்ததில் மறுநாளுக்குக் கொண்டைக்கடலையோ பச்சைப்பயறோ ஊறவைப்பது, பிறகு துளசி மாடத்துக்கும் வாசல் செடிகளுக்கும் ஒரு சொம்பு தண்ணீர், எட்டரை மணித் தொடரில் பாலுக்கு உறை ஊற்றுவது. கீரை ஆய்வதும் பூத்தொடுப்பதும் உட்கார்ந்தே செய்பவை என்பதால் அவற்றைத் தொடர் ஓடும் நேரத்துக்கு விட்டுவிட்டோம்.

ஒன்றை மட்டும் வலியுறுத்திச் சொல்கிறேன்: இடைவேளையில் அடுப்பைப் பற்றவைக்கும் வேலை எதுவும் கூடாது. சென்ற ஆடி மாதம் பாலைச் சிறு தீயில் வைத்துவிட்டு, தொடர் மறுபடி தொடங்கிய ஓசை கேட்டு மாமியார் கூடத்துக்கு வந்துவிட்டார். நான் திரும்பி வந்தபோது பால் பொங்கி, தீ அணைந்து, சமையலறை முழுவதும் எரிவாயு நாற்றம். கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்து நின்றபோது எனக்குக் கைகால் நடுங்கியது. அன்றிலிருந்து ஆறரைக்கு முன்பே சிலிண்டர் வால்வை மூடிவிடுகிறோம். இரவு உணவைச் சூடாக்குவது என் பொறுப்பு.

மின்பொறியாளர் (லெஸ்டர், இங்கிலாந்து):

நான் பிறந்தது திருநெல்வேலியில். இங்கு வந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. இந்த நாட்டில் இடைவேளை என்றாலே தேநீர்தான். இங்கு வணிகத் தொலைக்காட்சி 1955 செப்டம்பர் 22 அன்று தொடங்கியது. அதிலிருந்து நிகழ்ச்சியின் இடைவேளையில் எழுந்துபோய்க் கெட்டிலைப் போடுவது இல்லந்தோறும் பழக்கமாகிவிட்டது. இலட்சக்கணக்கானோர் ஒரே நிமிடத்தில் அதைச் செய்வதால் மின்தேவை திடீரென்று எகிறும். மின்கட்டமைப்பில் பணிபுரிவோர் நிகழ்ச்சி நிரலைப் பார்த்து முன்கூட்டியே ஆயத்தமாக இருப்பார்கள். 1990 சூலை 4 அன்று, உலகக் கோப்பைக் கால்பந்து அரையிறுதியில் இங்கிலாந்து மேற்கு ஜெர்மனியிடம் பெனால்டியில் தோற்று ஆட்டம் முடிந்தபோது, தேவை 2,800 மெகாவாட் உயர்ந்தது. ஒரு கெட்டிலுக்கு 2.5 கிலோவாட் என்று கொண்டால், பதினொரு இலட்சம் கெட்டில்கள் ஒரே சமயத்தில் கொதிப்பதற்கு அது ஈடாகும். இத்தகைய வேளைகளுக்கு உதவுவது வேல்சில் உள்ள டினார்விக் நீரேற்று மின்நிலையம். தேவை குறைந்த இரவில் தண்ணீரை மேல் ஏரிக்கு ஏற்றி வைத்து, தேவைப்படும்போது சில நொடிகளில் மின்சாரம் தருகிறது.

வைகைக்கரை நண்பருக்கு இதை எழுதக் காரணம் உண்டு. அப்படி மின்தேவை எகிறுவதைக் காட்டும் வரைபடத்தை முதன்முதலில் பார்த்தபோது, இத்தனை பேரை ஒரே நொடியில் நாற்காலியிலிருந்து எழுப்பியது ஒரு குவளைத் தேநீர் என்பதே என் மனத்தில் பதிந்தது. அம்மாவை எழுப்பவும் அவர் விரும்பும் ஒன்று அடுத்த அறையில் இருக்க வேண்டும். பேரக்குழந்தையின் படங்கள் வரும் கைப்பேசியை நாற்காலிக்கு அருகில் வைக்காமல், வாசலை ஒட்டிய மேசையில், நின்று பார்க்கும் உயரத்தில் வைத்துப் பாருங்கள்.

நொச்சி (நாகர்கோவில்):

என் கருத்து சற்று மாறுபட்டது. விடியற்காலையிலிருந்து உழைக்கும் ஒருவர் நாளில் தனக்கென்று வைத்திருப்பது அந்த மூன்று மணி நேரம் மட்டுமே. அதன் ஒவ்வோர் இடைவேளையிலும் நாம் ஒரு கடமையை வைத்தால், தொடர் பார்ப்பதே அவருக்குச் சுமையாகிவிடும். துணி மடிப்பதும் பயறு ஊறவைப்பதும் அவர் பகலில் செய்துமுடித்த வேலையின் தொடர்ச்சிதானே? அரைமணிக்கு ஒரு முறை போதும் என்று செவிலியர் அம்மாவே சொல்லியிருப்பதால், தொடருக்கு ஓர் இடைவேளையில் எழுந்தால் போதும். மற்றவற்றை அவர் விருப்பத்துக்கு விட்டுவிடுங்கள்.

எங்கள் வீட்டில் விளம்பரம் வந்ததும் ஒலியை முழுவதுமாக நிறுத்திவிடுவோம். என் தந்தை சிறுவயதில் பனையேறியவர். இப்போது காது சற்று மந்தம். தொலைக்காட்சி ஓடும்போது எங்களால் அவரோடு பேச முடியாது. ஒலி நின்ற அந்த நிமிடங்களில்தான் அவர் பேசுவார். கதையில் வரும் மாமியாரைப் பற்றித் தொடங்கி, தம் பாட்டியைப் பற்றியும், பதனீர் காய்ச்சிய குடிசையான விடிலியைப் பற்றியும் அவர் சொன்னவற்றில் பல நாங்கள் அதுவரை கேட்டிராதவை. உங்கள் அம்மாவிடமும் ஒருவர் கேட்க வேண்டும்: ‘இன்று கதையில் என்ன நடந்தது?’ அதை அவர் எழுந்து நின்று கையை ஆட்டிச் சொல்வதற்கும் வாய்ப்பு இருக்கிறது.

வைகைக்கரை (மூன்று வாரங்களுக்குப் பின்):

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். குதிகால் பயிற்சி ஐந்து நாள்கள் நீடித்தது. கைப்பேசியை வாசல் மேசைக்கு மாற்றியது நன்றாகப் பலித்தது. ஒவ்வொரு தொடரின் நடுவிலும் ஒரு முறையாவது எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறார், சில நேரம் அங்கேயே நின்று தங்கையோடு பேசுகிறார். சிலிண்டர் வால்வை மாலையிலேயே மூடும் வழக்கத்தையும் ஏற்றுக்கொண்டோம்.

நொச்சி அவர்கள் சொன்னதை நான் எதிர்பார்த்திருக்கவில்லை. அலுவலகத்திலிருந்து ஒரு மணி நேரம் முன்னதாக வந்து, எட்டு மணித் தொடரை அம்மாவோடு உட்கார்ந்து பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். இடைவேளை வந்ததும் ஒலியை நிறுத்திவிட்டுக் கதை கேட்கிறேன். எனக்கு முந்தைய நானூறு பகுதிகள் தெரியாது என்பதால் அவர் சொல்ல நிறைய இருக்கிறது. சொல்லிக்கொண்டே கூடத்திலிருந்து முற்றம் வரை இருவரும் நடக்கிறோம். நேற்று தொடர் மறுபடி தொடங்கிய பிறகும் அவர் பேச்சை நிறுத்தவில்லை. முற்றத்தில் நின்றபடி அப்பாவின் முதல் சைக்கிளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைதான் இன்னும் பிடிபடவில்லை. அன்று தொடர்கள் இல்லை. மதியம் ஒளிபரப்பாகும் படத்தின் நீண்ட இடைவேளைகளில் அவர் நாற்காலியிலேயே உறங்கிவிடுகிறார். உறங்குபவரை எழுப்ப எனக்கு மனமில்லை. இதற்கு யாரிடமாவது வழி இருந்தால் எழுதுங்கள்.