காட்டுத்தீ நாளில் குடும்பத்தோடு வீட்டில் நிற்கலாமா?

மலையடிவாசி:
மெல்போர்னுக்குக் கிழக்கே, டாண்டினோங் மலைப்பக்கம் வீடு வாங்கும் நம்மவர்களுக்கு இங்கே ஒருவர் கூறிய அறிவுரையைப் படித்ததிலிருந்து என் மனம் கொதிக்கிறது. "தண்ணீர்த் தொட்டியும் பம்பும் இருந்தால் குடும்பத்தோடு நின்றே வீட்டைக் காப்பாற்றலாம்" என்று அவர் எழுதியிருக்கிறார். 2009 பிப்ரவரி 7 அன்று நம் விக்டோரியா மாநிலத்தில் காட்டுத்தீயில் மாண்ட 173 பேரில் 113 பேர் வீடுகளுக்குள்ளேயே இறந்தார்கள் என்பது அரச விசாரணை ஆணையத்தின் பதிவு. அந்த 113 பேரை அவர் ஒரு கணமாவது எண்ணிப் பார்த்தாரா?

தோட்டக்காரன்:
எழுதியவன் நான்தான்; எழுதியதில் நிற்கிறேன். வீடுகளை எரிப்பது பெரும்பாலும் தீயின் முகப்பு, அதாவது முன்னேறி வரும் தீச்சுவர், அன்று. அதற்கு முன்னும் பின்னும் மணிக்கணக்கில் காற்றில் பறந்து வரும் கங்குகளே கூரை ஓரத்தில் மழைநீர் ஓடும் பீலியில் கிடக்கும் சருகிலும் ஓட்டு இடுக்குகளிலும் மரத்தளத்தின் அடியிலும் விழுந்து பற்றுகின்றன. ஆள் இருந்தால் ஒரு வாளித் தண்ணீரில் அணைக்கலாம். 1983இல் சாம்பல் புதன் நாளில் இங்கே மூண்ட பெருங்காட்டுத்தீக்குப் பின் நடந்த ஆய்வுகளும் ஆளிருந்த வீடுகளே அதிகம் தப்பின என்று காட்டின. நீங்கள் கூறும் 113 பேரில் பெரும்பாலோர் தீயோடு போராடியவர்கள் அல்லர், உள்ளே ஒதுங்கியிருந்தவர்கள்.

மலையடிவாசி:
113 பேர், ஐயா. ஒதுங்கியிருந்தவர்கள் என்று கூறிவிட்டால் அவர்கள் கணக்கிலிருந்து போய்விடுவார்களா? குளியலறையில் தண்ணீர் உண்டு என்று நம்பிப் புகுந்தவர்களுக்கு வெளியே நடப்பதைப் பார்க்கவும் வழியில்லை, தப்பி ஓட இன்னொரு கதவும் இல்லை. அன்று மெல்போர்னில் வெப்பம் 46.4 பாகை. மாலையில் காற்று திரும்பித் தென்மேற்கிலிருந்து வீசியதும், அதுவரை பக்கவாட்டாக நீண்டு கிடந்த தீ முழுவதும் முகப்பாக மாறி, மெல்போர்னுக்கு வடகிழக்கே உள்ள கிங்லேக் மேட்டின்மீது ஏறியது. போராடக் காலையில் உறுதி பூண்டவர்கூட அந்த நிலையில் உள்ளே ஒதுங்கத்தான் செய்வார்.

யாராக்கரை:
அண்ணன்மாரே, பம்பைப் பற்றியும் பேசுங்கள். தீ நாளில் மின்சாரம் நின்றுவிடும், குழாயில் தண்ணீரின் அழுத்தமும் குறையும். மின்பம்பை நம்பியிருப்பவர் என்ன செய்வார்?

தோட்டக்காரன்:
என்னிடம் இருப்பது டீசல் பம்ப், சகோதரி. 10,000 லிட்டருக்கு மேல் கொள்ளும் உலோகத் தொட்டியும் இருக்கிறது. சென்ற கோடையில் பீலிக்கு உலோக வலை போடச் சொன்னபோதும் மலையடிவாசி இப்படித்தான் குறுக்கே வந்தார். நான் எதைச் சொன்னாலும் மறுப்பதே அவருக்கு வழக்கமாகிவிட்டது.

மலையடிவாசி:
வலையை நான் மறுக்கவில்லை. வலை போட்டவுடன் மரம் வெட்டத் தேவையில்லை என்றீர்களே, அதைத்தான் மறுத்தேன். வீட்டிலிருந்து 10 மீட்டருக்குள் உள்ள மரங்களையும் 30 மீட்டருக்குள் உள்ள புதர்களையும் அகற்ற விக்டோரியாவின் விதி பல இடங்களில் அனுமதிக்கிறது. அதைச் செய்யுங்கள், பீலியைத் துப்புரவாக வையுங்கள், காற்றுத் துளைகளுக்கு 2 மில்லிமீட்டருக்கும் குறைந்த கண்ணுள்ள உலோக வலை போடுங்கள். இவையெல்லாம் நீங்கள் அங்கே இல்லாதபோதும் வீட்டைக் காக்கும். ஆனால் மறுநாளுக்குத் தீ அபாய அளவீட்டின் மிக உயர்ந்த படி அறிவிக்கப்பட்டால், பிள்ளைகளையும் முதியோரையும் முந்தின இரவே, தவறினால் விடியற்காலையிலேயே, ஊரைவிட்டு அழைத்துச் செல்லுங்கள். அத்தகைய நாளைத் தாங்கும்படி வீடுகள் கட்டப்படவில்லை என்று தீயணைப்புத் துறையே கூறுகிறது. புகை தெரிந்த பிறகு காரில் ஏறுவதும் கொடியது.

தோட்டக்காரன்:
எல்லோரும் போய்விட்டால் ஒரு கங்கு போதும், தெருவே சாம்பலாகும். அந்த 113 பேரையே திரும்பத் திரும்பச் சொல்கிறீர்களே, நின்று காப்பாற்றப்பட்ட வீடுகளை ஒருமுறையாவது சொன்னீர்களா?

யாராக்கரை:
வீடு எரிந்தால் காப்புறுதி கொடுக்குமே?

தோட்டக்காரன்:
மறுபடி கட்டும் செலவுக்குப் போதாத தொகைக்குக் காப்புறுதி எடுத்தவர்களிடம் அதைக் கேளுங்கள், சகோதரி. நான் நிற்பேன். என் மனைவியும் மக்களும் அன்று எங்கே இருப்பார்கள் என்பது எங்கள் வீட்டு முடிவு.

மலையடிவாசி:
அது உங்கள் வீட்டு முடிவென்றால், ஊராருக்கு எழுதிய அறிவுரையிலிருந்து "குடும்பத்தோடு" என்பதை நீக்குங்கள். நீக்கும்வரை இதே இடத்தில் 113 என்று எழுதிக்கொண்டே இருப்பேன்.

தோட்டக்காரன்:
நீக்க மாட்டேன்.