கார்ன்வாலில் பழைய கருங்கல் வீடு: ரேடான் 310 காட்டுகிறது, என்ன செய்வது?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில், ஐம்பது அறுபது வீடுகளே உள்ள ஒரு சிற்றூரில், பழைய கருங்கல் வீடொன்றில் வாடகைக்கு இருக்கிறோம். புதிதாக வாங்கிய மின்னணுக் கருவி, கீழ்த்தளத்தில் மகள் உறங்கும் அறையில் ஒரு வாரமாகக் கன மீட்டருக்கு 310 பெக்கரலை (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) ஒட்டியே ரேடான் என்ற கதிரியக்க வாயுவைக் காட்டுகிறது. ஜன்னலைத் திறந்தால் இறங்குகிறது. மூடினால் விடிவதற்குள் ஏறிவிடுகிறது. பக்கத்து வீட்டுப் பெரியவரோ, தம் வீட்டில் சோதித்தபோது 60தான் வந்தது, தலைமுறையாக இங்கேதான் வாழ்கிறோம், கவலை வேண்டாம் என்கிறார். அதை நம்பி இருந்துவிடலாமா?

பதில் 1:
வணக்கம். பக்கத்து வீட்டு அளவை உங்கள் வீட்டுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். அங்குள்ள கருங்கற்பாறையில் இருக்கும் யுரேனியம் சிதைந்து ரேடியமாகி, அதிலிருந்து ரேடான் வாயு பிறக்கிறது. தரை வெடிப்பு, குழாய் நுழையும் சந்து ஆகியவற்றின் வழியே அது வீட்டுக்குள் வருகிறது. குளிர்காலத்தில் சூடான காற்று மேலெழுந்து வெளியேறும்போது, வீடே மண்ணிலுள்ள வாயுவை உள்ளிழுக்கிறது. ஒரே தெருவில் இருந்தாலும் தரையின் அமைப்பும் காற்றோட்டமும் வேறுபடுவதால் அளவுகளும் பெரிதும் வேறுபடும்.

ஆயினும் ஒரு வார அளவைக் கொண்டு முடிவெடுக்க இயலாது. பிரிட்டன் சுகாதாரப் பாதுகாப்பு முகமையிடம் கட்டணம் செலுத்தினால் இரண்டு அளவிகள் அஞ்சலில் வரும். உள்ளங்கையில் அடங்கும் மூடியிட்ட பிளாஸ்டிக் டப்பிகள் அவை, மின்சாரம் வேண்டாம். உள்ளிருக்கும் பிளாஸ்டிக் துண்டில், ரேடான் சிதையும்போது வெளிவரும் ஆல்பா துகள்கள் பதிக்கும் தடங்களை ஆய்வகத்தில் எண்ணுவார்கள். கூடத்தில் ஒன்றும் படுக்கையறையில் ஒன்றுமாக மூன்று மாதம் வைத்து, வழக்கம்போல் வாழுங்கள். அளவு குறையட்டும் என்று ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டாம். பருவத்துக்கேற்பத் திருத்திய ஆண்டுச் சராசரி உங்களுக்கு வரும். அது 200ஐ எட்டினால் நடவடிக்கை அவசியம். 100க்குக் கீழே கொண்டுவருவதே இலக்கு.

பதில் 2:
அளவு உறுதியானாலும் வீட்டை விட்டு ஓட வேண்டியதில்லை. உறுதியான கான்கிரீட் தரையாக இருந்தால், தரைக்கடியில் சிறு குழி பறித்துக் குழாயும் மின்விசிறியும் பொருத்தி, வாயுவை வெளியே இழுத்துவிடும் ரேடான் சம்ப் முறையே பெரும்பாலும் நல்ல பலன் தரும். மரப்பலகைத் தரையாக இருந்தால் அதன் அடியில் காற்றோட்டத்தைக் கூட்டுவார்கள். வாடகை வீடு என்பதால், அறிக்கையுடன் உரிமையாளருக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். 2004ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின்படி உள்ளாட்சி மன்றம் மதிப்பிடும் அபாயங்களுள் கதிரியக்கமும் ஒன்று. அவர் அசையாவிட்டால் மன்றத்தை அணுகலாம். வீட்டில் எவரேனும் புகைபிடித்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். ரேடானும் புகையும் சேரும்போது நுரையீரல் புற்றுநோய் அபாயம் பன்மடங்காகிறது.

பதில் 3:
எங்கள் கன்னியாகுமரி மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலும் கதிரியக்கம் உண்டே, அங்கும் மக்கள் வாழ்கிறார்களே என்று சிலர் கேட்கக்கூடும். அந்த மணலில் மிகுதியாக இருப்பது தோரியம்; அதிலிருந்து வரும் தோரான் என்ற வாயு ஒரு நிமிடத்துக்குள் சிதைந்து பாதியாகிவிடும். ரேடான் பாதியாகவோ ஏறத்தாழ 3.8 நாள் ஆகும் என்பதால், மூடிய அறையில் தேங்க அதற்கு நேரம் கிடைக்கிறது. இரண்டையும் ஒப்பிட வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் மிக்க நன்றி. அளவிகளுக்கு இன்றே பதிவு செய்துவிட்டேன். மாடியில் பொதுவாக அளவு குறைவாக இருக்கும் என்பதால், முடிவு வரும்வரை மகளின் கட்டிலை மேலே மாற்றுகிறோம். பெரியவரிடமும் பேசுகிறேன், அவர் சோதித்த பிறகு தம் வீட்டுத் தரையைப் புதிதாகப் போட்டிருக்கிறார் என்பதால், அவரும் மீண்டும் ஒருமுறை அளந்து பார்ப்பது நல்லது.