மகப்பேறு விடுப்பு முடிகிறது, வேலையை விடப்போவது அப்பா: எங்கெல்லாம் சறுக்கும்?

தாமிரபரணி:
மனைவியின் 26 வார விடுப்பு அடுத்த மாதம் முடிகிறது. அவர் சம்பளம் என்னுடையதைவிட அதிகம். எனவே குழந்தைக்கு இரண்டு வயதாகும்வரை நான் வேலையை விட்டுவிட்டு வீட்டைப் பார்த்துக்கொள்வதாக முடிவு. இரு வீட்டுப் பெரியவர்களுக்கும் இதில் சம்மதமில்லை. ராஜினாமா கொடுக்கும் முன் என்னென்ன செய்துவைக்க வேண்டும்?

கணக்குப்பிள்ளை:
முதலில் டேர்ம் இன்சூரன்ஸ், அதாவது பாலிசி காலத்தில் நீங்கள் இறந்தால் குடும்பத்துக்குத் தொகை தரும் ஆயுள் காப்பீடு. சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே எடுங்கள், வருமானம் நின்றபின் பெரிய தொகைக்குப் பாலிசி கிடைப்பது கஷ்டம். கம்பெனி மெடிக்கல் பாலிசி பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். மனைவியின் பாலிசியில் உங்களை எப்போது சேர்க்கலாம் என்று அவர் எச்ஆரிடம் இப்போதே கேட்கட்டும். சில இடங்களில் வருடத்தில் குறிப்பிட்ட நாட்களில்தான் பெயர் சேர்ப்பார்கள்.

பிஎஃப் பணத்தைத் தொடாதீர்கள். ஐந்து வருட சர்வீஸ் முடியாமல் எடுத்தால் வரி உண்டு. பிஎஃப்போடு சேர்ந்த பென்ஷன் பகுதியையும் எடுத்துவிட்டால் அந்த சர்வீஸ் கணக்கில் வராது. பென்ஷனுக்கு 10 வருடம் வேண்டும், மறுபடி முதலிலிருந்து எண்ண நேரும்.

மாதாமாதம் உங்கள் பெயரில் சேமிப்பு போக வேண்டும், இதில் கூச்சமே வேண்டாம். பிபிஎஃப்பில் (யாரும் தொடங்கக்கூடிய அரசின் நீண்டகாலச் சேமிப்புக் கணக்கு) வருடத்துக்கு 1,50,000 ரூபாய் வரை போடலாம், வட்டிக்கு வரியில்லை. மனைவியின் பணத்தை உங்கள் பெயரில் எஃப்டி போட்டால் அந்த வட்டி அவர் வருமானத்தோடு சேர்ந்துவிடும். பிள்ளைக்காக வேலையை விட்ட எத்தனையோ பெண்கள் சொந்தமாக ஒரு ரூபாய்கூட இல்லாமல் நிற்பதற்குக் காரணம், இந்த ஏற்பாட்டை வீட்டில் யாருமே செய்யாததுதான். ஆண் உட்கார்ந்தாலும் கதி அதேதான்.

வைகைக்கரை:
பணத்தைவிட அதிகம் சறுக்குவது வேறொரு இடத்தில். வேலை கைமாறும், பொறுப்பு மாறாது. டயபர் எப்போது தீரும், அடுத்த தடுப்பூசி என்றைக்கு என்பதெல்லாம் அம்மாவின் தலையிலேயே இருந்தால் அவர் ஆபீஸில் உட்கார்ந்தபடி வீட்டையும் நடத்துகிறார் என்று அர்த்தம். 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் அதற்கு நாளுக்கு 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம் செலவிடுவதாக வந்தது. வேலைக்குப் போகும் பெண்ணுக்கும் வீட்டு வேலை தானாகக் குறைந்துவிடாது.

தடுப்பூசி அட்டையிலும் டாக்டரிடமும் உங்கள் நம்பரைக் கொடுங்கள். 9 மாதத்தில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி, அதற்கு நீங்களே தூக்கிக்கொண்டு போங்கள்.

மனைவி வேலைக்குச் சேருமுன் இரண்டு வாரம் ஒத்திகை பாருங்கள். தினமும் மூன்று நான்கு மணி நேரம் அவர் வெளியே இருக்கட்டும். அம்மா கண்ணெதிரே இருந்தால் பல குழந்தைகள் பாட்டிலைத் தொடாது. பாட்டில் பிடிக்காவிட்டால் பாலாடை (பால் புகட்டும் மூக்குள்ள சின்னக் கிண்ணம்), இல்லையென்றால் சின்ன டம்ளர். பீய்ச்சிய பாலை நம்மூர் வெயிலில் வெளியே வைக்காமல் உடனே ஃப்ரிட்ஜின் உள்பக்கம் வையுங்கள், கதவில் வேண்டாம். நான்கு நாள் வரை வைக்கலாம். வெந்நீரில் பாத்திரத்தை நிறுத்திச் சூடாக்குங்கள், மைக்ரோவேவ் கூடாது, சூடு சீராகப் பரவாமல் வாய் வெந்துவிடும். குடித்து மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் கொட்டிவிடுங்கள். ஆறு மாதம் முடிந்ததும் மசித்த பருப்பு சாதம், இட்லி என்று நாளுக்கு இரண்டு மூன்று வேளை.

நொய்யல்:
"வேலை தேடிக்கிட்டிருக்கேன்" என்று மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள். வாரத்துக்கு வாரம் "கிடைச்சுதா?" என்று கேட்பார்கள். "பாப்பாவுக்கு ரெண்டு வயசு ஆகுற வரைக்கும் நான்தான் பார்த்துக்கிறேன்" என்று இருவரும் ஒரே மாதிரி சொல்லுங்கள். உங்கள் அம்மாவிடம் நீங்கள் பேசுங்கள், மருமகளைப் பேசவிட்டால் பழி அவர்மேல் விழும். "பாவம், நீ நகருப்பா" என்று அத்தையோ பாட்டியோ குழந்தையை வாங்கிக்கொள்வார்கள், அங்கே விட்டுக்கொடுக்காதீர்கள்.

மயிலாப்பூர்வாசி:
ராஜினாமாவுக்கு முன் ஒன்று. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பக வசதி சட்டப்படி கட்டாயம். மனைவியின் ஆபீஸில் உண்டா என்று விசாரியுங்கள். நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கும் உரிமையைச் சட்டம் தாய்க்கு மட்டுமே கொடுக்கிறது. தனியார் வேலையில் அப்பாவுக்குச் சம்பளத்தோடு விடுப்பு தரச் சட்டமே இல்லை, மத்திய அரசு ஊழியர் என்றால் 15 நாள். எனவே உங்கள் கம்பெனியில் சம்பளமில்லா நீண்ட விடுப்பு கிடைக்குமா என்று எழுத்தில் கேட்டுப்பாருங்கள். ஆறு மாதம் கிடைத்தாலும் அதை எடுத்துவிட்டு, பிறகு ராஜினாமா கொடுக்கலாம்.