பாப்பாவுக்கு எந்தக் கோடைப் பயிற்சி? – எங்கள் குடும்பக் குழுவில் ஒரு ராத்திரி

பாப்பா: ரெண்டு நடிப்புப் பயிற்சி பாத்து வச்சிருக்கேன். ஒண்ணு கிரேக்கத்துல, எபிடாரஸ்னு பழங்காலத்துக் கல் அரங்கு இருக்கற இடம், அங்க நாடக விழாக்காரங்களே நடத்துற கோடைப் பள்ளி. இன்னொண்ணு லண்டன்ல, ஷேக்ஸ்பியர். ஒண்ணுக்கு இன்னைக்கு ராத்திரியோட கடைசி நாள். சித்தப்பா, எது போடட்டும்?

அம்மா: எதுவும் போட வேணாம்

பெரியப்பா: *பலமுறை பகிரப்பட்டது*
எபிடாரஸ் அரங்கின் அதிசயம்!! நடுவில் காசு விழுந்தால் கடைசி வரிசையில் கேட்கும்!! கிசுகிசுத்தாலும் கேட்கும்!!!

பெரியப்பா: அப்புறம் எதுக்கு குரல் பயிற்சி?

சித்தப்பா: அண்ணே, அதை 2017லயே அளந்து பாத்துட்டாங்க, நெதர்லாந்து ஆராய்ச்சிக்காரங்க. காசு போட்டா ஏதோ சத்தம்னு மேல தெரியுது, காசுன்னு தெரியல. கிசுகிசு முன்வரிசையத் தாண்டல. நல்லா குரல் எடுத்துப் பேசுனாதான் கடைசிப் படி வரைக்கும் வார்த்தை புரியுது. அந்தக் காலத்துல சுமார் 14,000 பேர் உக்காந்த இடம்ணே. கல்லு பாதி வேலை பாக்கும், மீதி வயித்துல இருந்து வரணும்.

பெரியப்பா: 🙏

அத்தை: என்ன வேஷம் குடுப்பாங்க பாப்பா? ராணியா?

பாப்பா: வேஷம்னு இல்ல அத்தை. பெரும்பாலும் கோரஸ் 😬

அம்மா: கூட்டத்துல ஒருத்தியா நிக்கறதுக்கு விமானம் ஏறணுமா

சித்தப்பா: அண்ணி, இருக்கறதுலயே கஷ்டம் அதான். சோபோக்ளிஸ்னு பழைய கிரேக்க நாடக ஆசிரியர், அவர் நாடகத்துல கோரஸ் 15 பேர், அதுக்கு முந்தி 12. முகமூடியோட பாடணும், ஆடணும், ஒரே வாயா பேசணும். முகமூடிக்குள்ள இருந்து பக்கத்து ஆளைப் பாக்க முடியாது, மூச்சை வச்சுதான் சேந்து கிளம்பணும். ஒருத்தர் அரை நொடி முந்துனா பதினாலு பேர் மானமும் போச்சு.

சித்தப்பா: ஷேக்ஸ்பியரும் மட்டமில்ல. வரிக்குப் பத்து அசை, எங்க மூச்சு விடறதுன்னு பழக்குவாங்க. ஆனா பாப்பாவுக்கு நாக்கு நல்லாதான் இருக்கு, காலுதான் நிலத்துல நிக்கல

பாப்பா: சித்தப்பா!!

அண்ணன்: 😂😂 ஜப்பான்ல காலைத் தரையில உதைக்க வச்சே நடிப்பு பழக்குற ஒருத்தர் இருக்காரே

சித்தப்பா: சுசுகி ததாஷி. 1976ல குழுவோட தோகாங்கற மலைக் கிராமத்துக்குப் போய், பழைய பண்ணை வீட்டையே அரங்கா மாத்துனவரு. 1982ல அங்கயே உலக நாடக விழா. இடுப்புக்குக் கீழ உறுதி இல்லன்னா மேல குரல் ஆடும்னுதான் அந்த உதை எல்லாம்.

அத்தை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சித்தப்பா: பாப்பா, ஒண்ணு மட்டும் எழுதிக் கேளு. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் நீ நின்னு வேலை செய்வ? நான் ஒரு தடவை இப்படித்தான் ஒரு விழா பேரைப் பாத்து மயங்கிப் போனேன். எங்கேன்னு சொல்ல மாட்டேன். மூணு வாரத்துல ரெண்டு வாரம் நாற்காலி அடுக்குனேன், கடைசி நாள் ஈட்டி பிடிச்சு நின்னேன். போட்டோ மட்டும் பிரமாதம்.

அண்ணன்: ஹால்ல மாட்டிருக்கற அந்த போட்டோவா?? அது நாயகன் வேஷம்னுல்ல சொன்னீங்க

சித்தப்பா: தூங்கப் போறேன்

பாப்பா: அம்மா? மணி 11:20

பாப்பா: அம்மாஆஆ

அம்மா: படிவத்துல அவசரத்துக்குக் கூப்பிடற நம்பர்னு ஒரு கட்டம் இருக்கும்ல. அப்பாது போடாத, எடுக்க மாட்டார். என்னுது போடு