வருவாய் ஒதுக்கீடா, படையொற்றியா?

குழு அன்பர்களுக்கு வணக்கம்.

பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னிந்திய வரலாற்றில் அடிக்கடி வரும் ‘ரெவென்யூ அசைன்மென்ட்’ (படைச் செலவுக்கோ கடனுக்கோ ஈடாக ஒரு பகுதியின் நிலவரியை வசூலிக்கும் உரிமையை எழுதிக்கொடுப்பது) என்ற தொடருக்கு, நம் கலைச்சொல் பட்டியலுக்கான இவ்விழையில் இதுவரை ‘வருவாய் ஒதுக்கீடு’, ‘நில மானியம்’, ‘வருவாய் அடமானம்’ ஆகிய மூன்றும் முன்வைக்கப்பட்டுள்ளன. மூன்றும் எனக்கு நிறைவளிக்கவில்லை. ‘படையொற்றி’ என்ற சொல்லைப் பரிந்துரைக்கிறேன். காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருப்பதால் பொறுத்தருள்க.

சொல்லுக்கு முன் நடைமுறையைப் பார்த்துவிடுவோம். 1746-இல் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் லா பூர்தொனே ஆங்கிலேயரின் சென்னைக் கோட்டையைப் பிடித்ததும், 1748-ஆம் ஆண்டு எக்ஸ்-லா-ஷப்பேல் உடன்படிக்கைப்படி வட அமெரிக்காவின் லூயிபூர் கோட்டைக்கு ஈடாக அது ஆங்கிலேயருக்குத் திரும்பியதும் நாம் அறிந்தவையே. அறியாமல் கடந்துவிடுவது அதன் பின்விளைவைத்தான். ஐரோப்பாவில் போர் நின்றுவிட்டது. ஆனால் அந்தப் போருக்காகத் திரட்டிய சிப்பாய்கள் புதுச்சேரியிலும் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையிலும் சும்மா இருந்தார்கள். துணி வாங்கி விற்க வந்த பிரெஞ்சு, ஆங்கிலக் கும்பினிகளுக்கு (வணிக நிறுவனங்களுக்கு) அவர்களின் சம்பளம் பெரும் பாரம். மறுபுறம், ஆற்காட்டு நவாபு பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபுக்கும் முகமது அலிக்கும் படை தேவை. கையில் ரொக்கம் இல்லை, நிலத்தின் மேல் உரிமைக்கோரிக்கை மட்டும் இருந்தது. ஆகவே படை வாடகைக்குப் போயிற்று, வாடகை நிலவரியாக வந்தது. 1749 ஆகஸ்டில் ஆம்பூர்ப் போரில் அப்போதைய நவாபு அன்வருதீன் மாண்டபின், சந்தா சாகிபுக்குத் துணைநின்ற பிரெஞ்சுக்காரருக்கு வில்லியனூர், பாகூர்ப் பக்கத்து ஊர்கள் கிடைத்தன. 1753-இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி தன் படைச் செலவுக்கென ஐதராபாத் நிசாம் சலாபத் ஜங்கிடமிருந்து வட சர்க்கார்களையே (இன்றைய ஆந்திரக் கடலோரப் பகுதிகளையே) பெற்றார். ஐரோப்பாவிலிருந்து கப்பலேற்றி வந்த வெள்ளியைக் கொண்டு துணி வாங்கியவர்களுக்கு, உள்ளூர் நிலவரியைக் கொண்டே படையையும் வணிகத்தையும் நடத்தலாம் என்பது தெரிந்துவிட்டபின், போட்டி துணிக்கானதாக மட்டும் இருக்க முடியாது. எந்தத் தாலுகாவின் வரி யாருக்கு என்பதே சண்டையாயிற்று.

இந்த ஏற்பாட்டை ‘ஒதுக்கீடு’ என்பது எப்படிப் பொருந்தும்? ஒதுக்கீடு என்றால் இன்றைய வாசகருக்கு வரவுசெலவுத் திட்டமும் இடஒதுக்கீடும்தான் நினைவுக்கு வரும். கொடுப்பவர் மேல்நிலையிலிருந்து தாமாக முன்வந்து பிரித்துத் தருகிறார் என்ற தொனி அதில் உண்டு. நவாபு கடனாளியாகக் கையொப்பமிட்டவர். ‘மானியம்’ கொடை என்பதால் அதுவும் ஆகாது.

‘அடமானம்’ ஓரளவு நெருங்குகிறது. ஆயினும் முக்கியமான இடத்தில் தவறுகிறது. சென்னையில் வீட்டை அடமானம் வைத்தவர் அதே வீட்டில் குடியிருந்துகொண்டு வட்டி கட்டுவார். போக்கியத்துக்கு விட்டவரோ சாவியைக் கொடுத்துவிட்டு வெளியேறுவார், வட்டிக்குப் பதில் அனுபவம் கடன் கொடுத்தவருக்குப் போகும். நாம் பேசும் நடைமுறை இரண்டாவது வகை. ‘படைப்போக்கியம்’ என்று சொல்லலாமே என ஒருவர் கேட்கக்கூடும். சென்னைப் பேச்சில் போக்கியம் வீட்டோடு ஒட்டிப்போய்விட்டது. தென்மாவட்டங்களில் நிலத்தை ‘ஒத்திக்கு விடுவது’ இன்றும் வழக்கில் இருப்பதால், அதன் எழுத்து வடிவமான ‘ஒற்றி’யே மேல்.

இச்சொல்லை உரைத்துப் பார்க்க 1781-ஆம் ஆண்டைவிட நல்ல சான்று கிடையாது. முந்தைய ஆண்டு மைசூர் ஐதர் அலியின் படை கர்நாடகப் பகுதிக்குள் (இன்றைய கர்நாடக மாநிலமன்று, ஆற்காட்டு நவாபின் நாடு) புகுந்து, செப்டம்பரில் பொள்ளிலூரில் கும்பினித் தளபதி பெய்லியின் படையை அழித்திருந்தது. ஆங்கிலக் கும்பினியின் கருவூலம் வற்றியிருந்த நிலையில், சென்னை ஆளுநர் மெக்கார்ட்னி, சேப்பாக்கத்தில் இருந்த ஆற்காட்டு நவாபு முகமது அலியிடம், கர்நாடகத்தின் வருவாய் முழுவதையும் ஐந்தாண்டுகளுக்கு எழுதி வாங்கினார். ஆறில் ஒரு பங்கு மட்டும் நவாபின் குடும்பச் செலவுக்கு. நவாபு பட்டத்தில் நவாபாகவே நீடித்தார். வரி வாங்கும் கை மட்டும் மாறியது. லண்டன் உத்தரவுப்படி 1785-இல் தவணை முடியுமுன்பே வருவாய் அவருக்குத் திரும்பியது. காரணம், காலவரை, அனுபவம், மீட்பு என ஒற்றிப் பத்திரத்தில் இருக்க வேண்டிய அனைத்தும் இதில் இருக்கின்றன.

செங்கல்பட்டு ஜாகீரை (வருவாயை அனுபவிக்கக் கொடுத்த நிலப்பகுதியை) இத்தலைப்பின்கீழ்ச் சேர்க்கலாமா என்று சென்ற வாரம் கேட்ட அன்பருக்கு என் மறுமொழி: வேண்டாம். 1763-இல் நவாபு அதைக் கும்பினிக்கு ஆவணப்படி கொடையாகவே தந்தார். கும்பினி அதை 1780 வரை நவாபுக்கே குத்தகைக்கு விட்டு வாங்கிய பணம் வேறு கதை. கொடுத்தவரே குத்தகைதாரராக நின்ற வேடிக்கையை விளக்கக் குறிப்பில் சொல்லலாம். சொல்லை மட்டும் ‘ஜாகீர்’ என்றே விட்டுவிடுவோம்.

இன்னொரு எல்லையும் வகுக்க வேண்டும். பால் பென்ஃபீல்டு போன்ற தனியார் கடன்காரர்களும் தஞ்சையின் விளைச்சல் மேல் நவாபிடம் எழுதி வாங்கியிருந்தார்கள். அந்தக் கோரிக்கைகள் கிளப்பிய சச்சரவில்தான் சென்னை ஆளுநர் பிகட்டை அவருடைய சபையினரே 1776-இல் கைதுசெய்தார்கள். அங்கே படைச் செலவு நேரடிக் காரணமில்லை. எனவே ‘வருவாய் ஒற்றி’ என்பதைப் பொதுச்சொல்லாகவும், ‘படையொற்றி’யை அதன் ஒரு வகையாகவும் கொள்வது முறை.

ஒற்றரோடு குழம்பும் என்ற ஐயத்தை ஒதுக்க முடியாது. படைப்பிரிவில் ஒற்றர் இருப்பது இயல்பாயிற்றே! நூலில் முதல்முறை வரும் இடத்தில் ‘படைச்செலவு ஒற்றி’ என்று விரித்தெழுதிவிட்டால், பின்னர்ச் சுருக்கம் உறுத்தாது. ‘படையொற்றி கொடுத்தவர்’, ‘படையொற்றி நிலம்’, ‘படையொற்றி மீட்பு’ ஆகியவை தடையின்றி அமைகின்றன.

பாளையக்காரர் வரலாற்றை எழுதும்போது இச்சொல்லின் தேவை இன்னும் கூடும். ஒற்றியின் வரியை ஊரில் வசூலிக்கவும் படை வேண்டும். அந்தப் படைக்கும் செலவு உண்டு. 1755-இல் நவாபின் பெயரால் ஆங்கிலேயக் கர்னல் ஹெரான் மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் படையோடு போனது வரி வாங்கத்தான். பூலித்தேவர் எதிர்த்ததும் அதையே. நவாபுடனான 1792 உடன்படிக்கையில் பாளையக்காரர்களிடம் பேஷ்குஷ் (கப்பம்) வசூலிக்கும் உரிமை கும்பினிக்கு வந்தபின், நிலுவைக்காகக் கலெக்டர் ஜாக்சன் கட்டபொம்மனை அழைத்து அலைக்கழித்ததும் 1799-இல் கயத்தாற்றில் நடந்ததும் இதே கணக்கின் தொடர்ச்சி.

நவாபுடனான 1801-ஆம் ஆண்டு உடன்படிக்கைக்கு மட்டும் இச்சொல்லைப் பயன்படுத்தக் கூடாது. அதில் ஆட்சியே கும்பினிக்குப் போய்விட்டது. மீட்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. அதற்கு ‘ஆட்சி ஒப்படைப்பு’ போதும் என்பது என் கருத்து. மாற்றுக்கருத்து உடையவர்கள் பட்டியலை இறுதிசெய்யுமுன் எழுதக் கோருகிறேன். ‘பேஷ்குஷ்’ஷுக்குத் ‘திறை’ போதுமா என்பதையும் அத்துடன் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
திருவல்லிக்கேணியிலிருந்து