ஹைட், ஸ்கின், டிஃபெக்ட், டேமேஜ்: தோல் ஏற்றுமதிக் கடிதத்தில் எதை எங்கே எழுதுவது?

கேள்வி: பேரணாம்பட்டு வாசகி

வணக்கம். ஆம்பூரில் தோல் ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தின் ஆவணப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். தமிழ் வழியில் படித்து பி.காம். முடித்தவள். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில் எல்லாம் பழகிவிட்டன. கணக்கு எங்கும் இடிக்கவில்லை, சொற்கள்தான் இடிக்கின்றன.

ஒரு தாளில் ஹைட் என்று இருக்கிறது, இன்னொன்றில் ஸ்கின், மூன்றாவதில் லெதர். பழைய கோப்பு ஒன்றில் கிப், பெல்ட் என்றெல்லாம் பார்த்தேன். (இடுப்பில் கட்டும் பெல்ட் வேறு. இது 'ப'வை வல்லினமாக அழுத்திச் சொல்லும் சொல்.) அகராதியைப் புரட்டினால் எல்லாவற்றுக்கும் 'தோல்' என்று போட்டு முடித்துவிடுகிறார்கள். பிரிவில் கேட்டால், "எல்லாம் ஒன்றுதான், போன தடவை போட்டதையே போடு" என்கிறார்கள். ஒன்றுதான் என்றால் எதற்கு இத்தனை சொற்கள்?

இப்போது ஓர் அவசரம். ஷூ லைனிங்குக்காக அனுப்பிய ஆட்டுத்தோல் பற்றி இத்தாலி வாடிக்கையாளரிடமிருந்து புகார் வந்திருக்கிறது. சில தோல்களில் கத்தி பட்ட வெட்டு. அது போக, ஒரு கட்டின் மேல் வரிசை முழுவதும் ஈரம் பட்டுக் கறை. இரண்டுக்கும் 'டேமேஜ்' என்றே பதில் எழுதச் சொல்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. டேமேஜ், டிஃபெக்ட், ஃபால்ட், பிளெமிஷ் ஆகியவற்றில் எது எங்கே வரும்? தொழில் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: மேல்விஷாரத்துப் பெரியவர்

அம்மா, அந்தக் கடிதத்தை இன்னும் அனுப்பவில்லை என்றால் நிறுத்தி வையுங்கள். வட ஆற்காடு ஒரே மாவட்டமாக இருந்த காலத்தில் தோலைத் தரம் பிரிக்கும் மேசைக்கு வந்தவன் நான். டிஃபெக்ட், டேமேஜ் என்ற இந்த இரண்டு சொற்களில் பணம் இருக்கிறது, அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கத்தி வெட்டு எப்படி வருகிறது என்று பாருங்கள். ஆட்டை உரிக்கும்போது கை கொஞ்சம் ஆழமாகப் போனால் சதைப்பக்கத்தில் வெட்டு விழும். பச்சைத் தோலில் சவ்வும் கொழுப்பும் மூடியிருப்பதால் கண்ணுக்குப் படாது. பதனிட்டு, ஷேவிங் எந்திரத்தில் கனத்தைக் குறைத்த பிறகுதான் அது வாய் திறக்கும். தோலை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, சதைப்பக்கத்தை விரலால் தடவுங்கள். பிறை வடிவில் ஒரு கோடு நெருடும், அந்த இடத்தில் வெளிச்சம் கசியும். நம் வாசலைத் தாண்டும்போதே தோலில் இருந்த குறை அது. அதற்குப் பெயர் டிஃபெக்ட்.

ஈரக்கறை அப்படி இல்லை. நன்றாகக் கிளம்பிய சரக்குக்கு வழியில் ஏதோ நேர்ந்திருக்கிறது. அது டேமேஜ்.

இப்போது காப்பீட்டை நினைத்துப் பாருங்கள். கடல்வழிச் சரக்குக் காப்பீடு, பயணத்தில் நேர்ந்த சேதத்துக்குத்தான் பணம் தரும். பொருளுக்குள்ளேயே இருந்த குறையை 'இன்ஹெரன்ட் வைஸ்' என்று சொல்லி ஒதுக்கிவிடும். ஈரக்கறையை டிஃபெக்ட் என்று நீங்களே எழுதிக் கொடுத்தால், வரவேண்டிய பணத்தை உங்கள் கையாலேயே தடுத்தது போல ஆகும். கத்தி வெட்டை டேமேஜ் என்று எழுதினால், காப்பீட்டுக்காகச் சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் தோலைப் பார்த்த மறுநிமிடமே உங்கள் கடிதம் முழுவதன் மீதும் சந்தேகப்படுவார். நியாயமான ஈரக்கறைக் கோரிக்கையும் சேர்ந்து அடிபடும்.

இன்னொன்றையும் விசாரியுங்கள். ஈரம் வெளியிலிருந்து வந்ததா, தோலே சரியாக உலராமல் கட்டப்பட்டதா? கன்டெய்னருக்குள் வெக்கையும் குளிரும் மாறும்போது உட்கூரையில் நீர் கோத்துச் சொட்டும். மேல் வரிசை மட்டும் நனைந்திருக்கிறது என்கிறீர்கள், எனவே அப்படித்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. ஆனால் தோலின் ஈரமே காரணம் என்று காப்பீட்டுக்காரர் வாதாட வழி இருக்கிறது. கட்டும் முன் ஈரப்பதம் பார்த்த குறிப்பு இருந்தால் கடிதத்தோடு இணையுங்கள்.

ஃபால்ட் என்ற சொல்லைக் கடிதத்தில் தொடவே வேண்டாம். அது பொருளை விட்டுவிட்டு ஆளை நோக்கிப் போகும், யார் தவறு என்ற பேச்சு வந்துவிடும். பிளெமிஷ் என்பது மேல்பரப்பில் தெரியும் வடு. முள் கிழித்து ஆறிய தடம், உண்ணி கடித்த புள்ளி, இப்படி. பார்வைக்குக் குறை, பெரும்பாலும் உழைப்புக்குக் குறை இல்லை. முட்காட்டில் மேய்ந்த ஆட்டின் தோலில் அது இருக்கத்தான் செய்யும். லைனிங்கில் பொறுத்துக்கொள்வார்கள், ஷூவின் மேல்தோலில் பொறுக்க மாட்டார்கள்.

ஹைட், ஸ்கின் வேறுபாடு எளிது. மாடு, எருமை போன்ற பெரிய விலங்கு என்றால் ஹைட். ஆடு, செம்மறி போன்ற சிறியவை என்றால் ஸ்கின். கன்றுக்குட்டி மாட்டினம்தான், ஆனாலும் அளவு சிறியது என்பதால் காஃப் ஸ்கின் என்பார்கள். ஆக, உங்கள் ஆட்டுத்தோலுக்கு எந்தக் கடிதத்திலும் ஹைட் என்று போடாதீர்கள். வாங்குகிறவர் மாட்டுத்தோல் என்று எடுத்துக்கொள்வார்.

கிப் என்பது இரண்டுக்கும் நடுவில். கன்றைவிடப் பெரியது, முழு மாட்டைவிடச் சிறியது. நம் நாட்டு மாடுகள் உருவத்தில் சிறியவை. ஆவாரம்பட்டையில் பதனிட்டு, கடுக்காய் கொடுத்து, சென்னைத் துறைமுகம் வழியாக லண்டனுக்குப் போன அந்தத் தோல்களை அங்கே 'ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்' என்றார்கள். இன்றும் ஈ.ஐ. என்று நம் ஆட்கள் சொல்வது அந்த ஈஸ்ட் இந்தியாதான். உங்கள் பழைய கோப்பு அந்த வழியில் வந்ததாக இருக்கலாம்.

பெல்ட் என்ற சொல்லில் ஒரு வழுக்கல் உண்டு. வெளியுலக ஆங்கிலத்தில் அது உரோமத்தோடு கூடிய தோல். டேனரிக்குள், அதாவது தோல் பதனிடும் ஆலைக்குள், அதற்கு நேர்மாறு: சுண்ணாம்பு போட்டு, முடி நீக்கி, பதனிடத் தயாராக இருக்கும் வெறும் தோல். யார் எழுதிய தாள் என்று பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும்.

பதில்: காட்பாடி ஆங்கில ஆசிரியை

ஐயா சொன்னதை அப்படியே பின்பற்றுங்கள் அம்மா. தொழிலைப் பற்றி நான் சொல்ல எதுவும் இல்லை, வாக்கியம் அமைப்பதில் மட்டும் உதவுகிறேன். டிஃபெக்டை அடுத்து 'இன்' வரும், டேமேஜை அடுத்து 'டு' வரும். தோலுக்குள் இருப்பது முன்னது, வெளியிலிருந்து தோலுக்கு நேர்ந்தது பின்னது. ஆங்கிலத்தின் அந்தச் சிறு சொல்லே வேறுபாட்டைக் காட்டிக்கொடுக்கிறது. ஐயம் வந்தால் இரண்டையும் வைத்துச் சொல்லிப் பாருங்கள், எது பொருந்துகிறது என்று தெரிந்துவிடும்.

மிக முக்கியமான ஒன்று: டேமேஜ் என்பதோடு 'ஸ்' சேர்க்காதீர்கள். டேமேஜஸ் என்றால் சட்டமொழியில் நஷ்டஈடு. 'பல இடங்களில் சேதம்' என்று நினைத்துப் பன்மையாக எழுதினால், இழப்பீடு பற்றிப் பேசுகிறீர்கள் என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் படிக்க இடம் கொடுக்கிறீர்கள். டிஃபெக்ட்ஸ் என்ற பன்மையில் சிக்கல் இல்லை.

யார், யாருக்கு எழுதுகிறார் என்பதையும் சேர்த்துப் பார்க்கும்படி என் மாணவர்களிடம் எப்போதும் வற்புறுத்துவேன். நம் வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலை 10 அன்று நடந்ததை ஆங்கிலேயர் மியூட்டினி என்று எழுதினார்கள். படைவீரர்கள் மேலதிகாரிகளின் கட்டளையை மீறுவதற்கான ராணுவச் சொல் அது. அப்ரைசிங் என்றால் ஒடுக்கப்பட்டவர்கள் எழுந்தார்கள் என்ற பொருள் வரும். நிகழ்ச்சி ஒன்று, எழுதுகிற கை மாறினால் சொல்லும் மாறுகிறது. சிப்பாய்களுக்குத் திணிக்கப்பட்ட புதிய தலைப்பாகையில் இருந்த தோல் பட்டையும் அந்தக் கோபத்துக்கு ஒரு காரணம். தோல் தொழிலில் இருக்கும் உங்களுக்கு இது தெரிந்திருக்கட்டும் என்று ஆசையாகச் சொல்கிறேன்.

கேட்டவர்: பேரணாம்பட்டு வாசகி

ஐயாவுக்கும் டீச்சருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. மேலாளரிடம் காப்பீட்டு விஷயத்தைச் சொன்னேன், உடனே கோப்பைத் திறந்துவிட்டார். வெட்டையும் ஈரத்தையும் தனித்தனிக் கடிதமாக எழுதச் சொல்லியிருக்கிறார். ஈரப்பதக் குறிப்பும் கிடைத்திருக்கிறது.

ஒன்று மட்டும் பாக்கி. தோல் எந்தக் கட்டத்தில் ஸ்கின் என்ற பெயரை விட்டு லெதர் ஆகிறது? ஷிப்பிங் பில்லில் கிரஸ்ட் சரக்குக்கு (பதனிட்டு உலர்த்தி, இறுதி மெருகு இன்னும் கொடுக்காத தோல்) எதை எழுதுவது?

பதில்: கிளியரிங் ஏஜென்ட், ராணிப்பேட்டை

சகோதரி, டேனரியில் பதனிட்டு முடிந்ததுமே லெதர் என்று சொல்லத் தொடங்கிவிடுவார்கள். சுங்க அட்டவணை அவ்வளவு சீக்கிரம் சொல்லாது. 41ஆம் அத்தியாயத்தைத் திறந்து பாருங்கள். பதனிட்ட நிலையிலும் கிரஸ்ட் நிலையிலும் இன்னும் 'ஹைட்ஸ் அண்ட் ஸ்கின்ஸ்' என்ற தலைப்புதான்: மாட்டினத்துக்கு 4104, செம்மறிக்கு 4105, வெள்ளாட்டையும் சேர்த்த மற்றவற்றுக்கு 4106. கிரஸ்டுக்குப் பிறகு மேற்கொண்டு வேலை செய்து முடித்தால்தான் அட்டவணை அதை லெதர் என்கிறது: மாட்டினம் 4107, செம்மறி 4112, வெள்ளாடு 4113. உரோமம் இருந்தால் 43ஆம் அத்தியாயத்தையும் பார்க்க வேண்டும். ஆனால் பதனிடாத பச்சைத் தோல் என்றால், மாடும், செம்மறி, வெள்ளாட்டில் சில வகைகள் நீங்கலாக மற்றவையும் உரோமத்தோடு இருந்தாலும் 41லேயே நிற்கும்.

எனவே உங்கள் வெள்ளாட்டுக் கிரஸ்டுக்கு 4106ஐப் போட்டு, விவரத்தில் 'கோட் ஸ்கின்ஸ், கிரஸ்ட்' என்று எழுதுங்கள். அதே சரக்குக்கு ஃபினிஷ்ட் லெதர் என்று எழுதினால், அதிகாரி மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்பலாம், கன்டெய்னர் அங்கேயே நிற்கும். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில் மூன்றிலும் ஒரே சொல் இருக்கிறதா என்று கையெழுத்துக்கு அனுப்பும் முன் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.